70 கி.மீ. வேகத்தில் ஒரு சோம்பேறி... தெரியுமா?

உசேன் போல்ட் உயிரைக் கொடுத்து ஓடியபோதும் அவருடைய உச்ச வேகம் மணிக்கு 44 கி.மீ. சொச்சம்தான். கிரேஹவுண்ட் நாய்க்கு ஏறத்தாழ 70! ஒரே பாய்ச்சலுக்குள் இரண்டு தடவை அதன் நான்கு கால்களும் தரையை விட்டு அந்தரத்தில் இருக்கும், தெரியுமா? ஓட்டம் பாதி, பறத்தல் பாதி.

இந்தப் புயலை வீட்டில் எங்கே கட்டுவது என்று பயமா? வேடிக்கையே அங்கேதான்! பந்தயத்தில் அது ஓடுவது அரை நிமிடம் போல. மற்றபடி தூக்கம், தூக்கம், தூக்கம்! பகலின் பெரும்பகுதி சோபாவில்தான். அதுவும் மல்லாந்து, நாலு காலும் கூரையைப் பார்க்க! வளர்ப்பவர்கள் அந்தக் கோலத்துக்குக் கரப்பான்பூச்சியின் பெயரையே வைத்துவிட்டார்கள். தினம் இரண்டு நடை கூட்டிப்போனால் அடுக்குமாடி வீடே தாராளம்.

பேரில் 'கிரே' இருப்பதற்கும் சாம்பல் நிறத்துக்கும் சம்பந்தமில்லை, தெரியுமா? நிஜமாகவே சாம்பல் நிறத்தில் பிறப்பதை வளர்ப்பவர்கள் 'நீலம்' என்கிறார்கள்!

குரைப்பதும் அபூர்வம். காவலுக்குத்தான் நாய் வேண்டும் என்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

அமெரிக்காவின் புளோரிடாவில் 2018இல் மக்கள் வாக்களித்து நாய்ப் பந்தயத்தையே ஒழித்தார்கள். 2020 கடைசியோடு அங்கே பந்தயம் நின்றது. ஆயிரக்கணக்கான நாய்களுக்கு வீடு தேட வேண்டியிருந்தது! அப்படி வீட்டுக்கு வருவதைக் குட்டி என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு முதல் ஐந்து வயதில் ஓய்வுபெற்ற, காதில் அடையாள எண் பச்சை குத்திய விளையாட்டு வீரர் அது! கூண்டிலும் ஓடுதளத்திலுமே வளர்ந்ததால் மாடிப்படி தெரியாது. கண்ணாடிக் கதவு தெரியாது. நேரே போய் முட்டும்! 70 கி.மீ. வேகக்காரருக்கு முதல் படியில் கால் வைக்கவே நடுக்கம். ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அந்தப் பொறுமை இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூங்கும்போது திடுமென்று தொட்டால் சில நாய்கள் உறுமியபடி விழிக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு இதைக் கவனிக்க வேண்டும்.

அதன் ரத்தம் இன்னொரு அதிசயம்! மற்ற நாய்களைவிடச் சிவப்பணுக்கள் அதிகம். விஷயம் தெரியாத மருத்துவர் பரிசோதனைத் தாளைப் பார்த்தால் நாய்க்கு ஏதோ வியாதி என்றே நினைப்பார். உண்மையில் அதுதான் அதற்கு ஆரோக்கியம்! அதனாலேயே மற்ற நாய்களுக்கு ரத்ததானம் செய்ய இதைத் தேடி வருகிறார்கள். ஆனால் உடம்பில் கொழுப்பு மிகக் குறைவு. சில மயக்க மருந்துகளை அதன் உடம்பு மெதுவாகவே வெளியேற்றும். அறுவை சிகிச்சைக்குப் பின் எழுந்திருக்க வெகுநேரம் ஆகிவிடும். இந்த இனத்தைப் பற்றித் தெரிந்த மருத்துவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். குளிருக்கு ஸ்வெட்டரும் வேண்டும்!

'உட்கார்' என்று சொன்னால் நிற்கும், இல்லையேல் படுக்கும். தொடைத் தசை அப்படி. உட்காருவதே அதற்குச் சிரமம். அடம் என்று திட்டாதீர்கள்.

என்னைக் கேட்டால், வளர்ப்பதா வேண்டாமா என்பது ஒரே கேள்வியில் முடிந்துவிடும்: வெளியே போகும்போது சங்கிலியைக் கழற்றவே மாட்டேன் என்று இருக்க முடியுமா? மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் சாதி இது. நம்ம ஊர் சிப்பிப்பாறையும் கன்னியும் அதே வகைதான். ஒடுங்கிய இடுப்பையும் நீண்ட காலையும் பார்த்தாலே தெரியும். தூரத்தில் ஒரு முயல் அசைந்தால் போதும், சில பாய்ச்சல்களில் உச்ச வேகம். நீங்கள் கூப்பிடுவது காதில் ஏறாது! சாதாரணக் கழுத்துப்பட்டையும் உதவாது. கழுத்தைவிடத் தலை ஒடுக்கம் என்பதால் சட்டென்று உருவிக்கொண்டு போய்விடும். இழுத்தால் இறுகும் அகலப் பட்டைதான் சரி.

பூனை உள்ள வீடா? சில கிரேஹவுண்டுகள் பூனையோடு ஒரே மெத்தையில் ஒட்டிப் படுத்துக் குறட்டை விடும். சாயந்திரம் தோட்டத்தில் அந்தப் பூனை ஓடுவதைக் கண்டால் துரத்தவும் செய்யும். அதே பூனை! அதே நாய்!