ரத்தம் கழுவுகிறவர்களின் எலும்பு ஏன் சீக்கிரம் முறிகிறது?



சிறுநீரகம் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் பட்டணத்துக்குப் போய் ரத்தம் கழுவிக்கொண்டு வருகிறவர்கள் இப்போது எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். நம் நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்தது இனிப்புநீர் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதைப் பற்றி இந்தப் பகுதியில் பல தடவை பேசியாகிவிட்டது. இந்த முறை வீட்டில் யாரும் கவனிக்காத ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். அது அவர்களுடைய எலும்பு.

ரத்தம் கழுவுகிற ஆள் வீட்டில் இருந்தால் குடும்பமே தண்ணீரை அளந்து கொடுக்கிறது, உப்பைக் குறைக்கிறது, ஊசி போடுகிற கையைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறது. நல்லதுதான். ஆனால் அதே ஆள் ஈரக் குளியலறையில் ஒரு தடவை சறுக்கினால் போதும், இடுப்பு எலும்பு முறிந்துவிடும். அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகளை வைத்துச் செய்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மற்றவர்களைப் போல் நான்கு மடங்குக்கும் மேல் இவர்களுக்கு இடுப்பு எலும்பு முறிகிறது என்று கண்டார்கள். முறிந்த பிறகு படுக்கையிலேயே கிடந்து ஒரு வருடத்துக்குள் தவறிப்போகிறவர்களும் இவர்களில்தான் அதிகம்.

"சிறுநீர் பிரிக்கிற உறுப்புக்கும் எலும்புக்கும் என்னங்க டிரசரே சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நிறையவே உண்டு.

நாம் சாப்பிடும் சாப்பாட்டில் பாஸ்பரஸ் என்று ஒரு சத்து இருக்கிறது. மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். சிறுநீரகம் படுத்துவிட்டால் அது ரத்தத்திலேயே தேங்கும். மெஷின் கழுவாதா என்றால், கழுவும். ஆனால் ஒரு தடவைக்கு நாலு மணி நேரமாக வாரத்துக்கு மூன்று தடவை கழுவினாலும், ஏழு நாள் சாப்பாட்டில் சேர்ந்த பாஸ்பரஸ் முழுவதும் போகாது. இது ஒன்று.

இன்னொன்று வைட்டமின் டி. வெயில் பட்டால் தோலில் இந்தச் சத்து ஊறும். காலையிலிருந்து மதியம் வரை வெயிலில் வேலை செய்கிற நமக்கு அதில் என்ன குறை? குறை இருக்கிறது. தோலில் ஊறியது அப்படியே பயன்படாது, சிறுநீரகம் அதைப் பக்குவம் செய்து கொடுத்தால்தான் குடல் சுண்ணாம்புச் சத்தை இழுத்துக்கொள்ளும். அந்தப் பக்குவம் சிறுநீரகத்தில்தான் நடக்கிறது என்பதை 1970இல் கேம்பிரிட்ஜில் இருந்த விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். ஆகையால் சிறுநீரகம் போனவர் நாள் முழுவதும் வெயிலில் நின்றாலும் அந்தக் குறை தீராது.

இப்படி ரத்தத்தில் பாஸ்பரஸ் கூடி, சுண்ணாம்புச் சத்து குறையும்போது, கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் பருப்பளவில் இருக்கும் நான்கு சிறு சுரப்பிகள் முழித்துக்கொள்கின்றன. எலும்புதான் நம் உடம்பின் சேமநிதி. அங்கே சேர்த்து வைத்த சுண்ணாம்பை எடுத்து ரத்தத்தில் விடு என்று இந்தச் சுரப்பிகள் உத்தரவு போடும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எடுத்துக்கொண்டே இருந்தால் சேமநிதி என்ன ஆகும்? எலும்பு உள்ளே அரித்துப் போகிறது. எடுத்த சுண்ணாம்பாவது உருப்படியான இடத்துக்குப் போகிறதா என்றால் அதுவும் இல்லை, ரத்தக் குழாய்ச் சுவரில் படிந்து குழாயைக் கெட்டியாக்கி இருதயத்துக்கும் கேடு செய்கிறது.

ஆரம்பத்தில் வலி ஒன்றும் தெரியாது. பிறகு முதுகு, இடுப்பு, தொடை என்று குடைச்சல் வரும். உட்கார்ந்து எழுந்திருக்கத் தொடையில் பலம் இருக்காது. உடம்பு அரிக்கும். பெரும்பாலோர் இதை வாயு என்று சொல்லித் தைலம் தடவிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறார்கள்.

மருந்து இல்லாமல் இல்லை. சாப்பாட்டோடு சாப்பிடச் சொல்லி ஒரு பெரிய வெள்ளை மாத்திரை கொடுப்பார்கள், சுண்ணாம்பு மாத்திரை என்று நம்மவர்கள் சொல்வது. சோற்றில் உள்ள பாஸ்பரஸை வயிற்றிலேயே பிடித்து மலத்தோடு அனுப்புவதுதான் அதன் வேலை. அதனால் முதல் வாய்ச் சோற்றோடு நன்றாக மென்று சாப்பிட வேண்டும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஞாபகம் வந்து விழுங்கினால் பிடிப்பதற்கு அங்கே எதுவும் இருக்காது. வீடு வீடாகப் போகும்போது அலமாரியில் இந்த மாத்திரை பை பையாகக் கிடப்பதைப் பார்க்கிறேன். தொண்டையில் இறங்கமாட்டேங்குது, மலச்சிக்கல் ஆகுது என்கிறார்கள். அப்படியானால் டயாலிசிஸ் நிலையத்தில் சொல்லுங்கள், வேறு வகை மாத்திரையும் உண்டு. சொல்லாமல் ஒளித்து வைத்தால் டாக்டர் என்ன செய்வார்?

சாப்பாட்டில் பாஸ்பரஸ் அதிகம் உள்ளவை எவை என்றால், பால் மாவு, டின் பால், மைலோ, முள்ளோடு தின்னும் நெத்திலியும் டின் சார்டினும், கறுப்புக் கோலா பானம், சோசேஜ், நகெட் முதலானவை. இவற்றில் கடைசியாகச் சொன்னவைதான் மோசம். கெடாமல் இருக்கக் கம்பெனிக்காரன் கலக்கும் பாஸ்பேட் உப்பு ஏறக்குறைய முழுவதும் ரத்தத்தில் சேர்ந்துவிடும். பருப்பு, பயறில் உள்ளது அந்த அளவுக்குச் சேராது. அதற்காகப் பருப்பை அள்ளிச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை, அதில் பொட்டாசியம் இருக்கிறது. மீனையும் முட்டையையும் அடியோடு நிறுத்திவிடாதீர்கள். ரத்தம் கழுவுகிறவருக்குப் புரதம் வேண்டும், உடம்பு வற்றினால் கால் தள்ளாடும்.

சம்பள நாளில் லயத்துக்கு வருகிற விற்பனைக்காரர்களைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். "எலும்புக்குப் பலம்" என்று சுண்ணாம்புச் சத்து கூட்டிய பால் மாவை ஒரு டின் நூறு வெள்ளிக்கு மேல் விற்கிறார்கள். வீட்டில் சிறுநீரக நோயாளி இருக்கிறார் என்று தெரிந்தால் இரண்டு டின்னாக விற்கிறார்கள்! அந்த மாவில் பாஸ்பரஸும் உண்டு. அதிகப்படியான சுண்ணாம்பு ரத்தக் குழாயில் போய்ப் படியும். காசையும் கொடுத்து நோயையும் வாங்காதீர்கள்.

அதேபோல் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த மாத்திரையை இவரும் சாப்பிடக் கூடாது. சிலருக்கு அந்தக் கழுத்துச் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்கிறது. சிலருக்கு மருந்து மிஞ்சிப்போய்ச் சுரப்பி அடங்கி, எலும்பு புதுப்பிக்கப்படாமல் செத்தது போல் கிடக்கிறது. இரண்டிலும் எலும்பு முறியும், ஆனால் வைத்தியம் நேர் எதிர். எது என்று அறிய கால்சியம், பாஸ்பேட், பி.டி.எச். என்ற ரத்தச் சோதனைகள் எடுக்கிறார்கள். "என் பி.டி.எச். எவ்வளவு, போன தடவையைவிடக் கூடியிருக்கா?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. சுரப்பி மிகவும் வீங்கிவிட்டால் அடக்க மாத்திரை உண்டு, அதற்கும் கேட்காவிட்டால் ஆப்ரேஷன் செய்து எடுப்பார்கள்.

எலும்புத் தேய்வுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை போடும் ஊசி ஒன்று இருக்கிறது, டெனோசுமாப் என்று பெயர். வயதான மற்றவர்களுக்கு அது நல்ல மருந்து. டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு ரத்தத்தில் சுண்ணாம்பு திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2024 ஜனவரியில் மிகக் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. வெளி கிளினிக்கில் எலும்புக்கு ஊசி என்று சொன்னால், முதலில் சிறுநீரக டாக்டரைக் கேளுங்கள். கடையில் வாங்கும் வயிற்றெரிச்சல் மருந்தும் அப்படித்தான். சிலவற்றில் அலுமினியம் இருக்கும். 1970களில் இங்கிலாந்தின் நியூகாசல் பக்கம் டயாலிசிஸ் தண்ணீரில் அலுமினியம் இருந்ததால் பலருக்கு எலும்பு நொறுங்கியது, மூளையும் கெட்டது. இப்போது மெஷினுக்குப் போகும் தண்ணீரை வடிகட்டிச் சுத்தம் செய்துதான் விடுகிறார்கள், அதைப் பற்றிப் பயம் வேண்டாம்.

சரி, எலும்பு மெலிந்தவர் விழாமல் இருந்தால் பாதிக் கவலை தீரும். ரத்தம் கழுவி முடித்த அன்று உடம்பில் நீர் இறங்கி, பிரஷர் குறைந்து, எழுந்தால் தலை சுற்றும். அன்றைக்குப் பார்த்து மகனுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிச் செம்மண் சாலையில் குலுக்கிக்கொண்டு வருவது எனக்குச் சம்மதமில்லை. வேன் கிடைக்காவிட்டால் நிலையத்திலேயே அரை மணி நேரம் உட்கார்ந்து, தலை தெளிந்த பிறகு புறப்படுங்கள். வீட்டில் குளியலறைப் பாசியைத் தேய்த்துக் கழுவி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடியுங்கள். லயத்துக் கான் மேல் போட்ட பலகை ஆடுகிறதா என்று பாருங்கள். ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு முன்னாள் கங்காணி, டயாலிசிஸ் தொடங்கி மூன்றாவது வருடம், பின்கட்டில் சறுக்கி விழுந்தார். பிள்ளைகள் பாசத்தில் செய்த வேலை, நரம்பு தட்டுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போய் எண்ணெய் போட்டு உருவினார்கள். ஐந்தாம் நாள் என்னிடம் கொண்டு வந்தபோது தொடை கருநீலமாக வீங்கி இருந்தது. மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து விடுவதால், இவர்களுக்கு உள்ளே ரத்தக் கசிவு சுலபத்தில் நிற்காது. உருவ உருவ இன்னும் கசியும். நடுவில் இரண்டு தடவை டயாலிசிஸுக்கும் போகவில்லை.

விழுந்தவருக்கு ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு முறிந்ததாகவே நினையுங்கள். இழுக்காதீர்கள், நிற்க வைக்காதீர்கள். கிடந்தபடியே இரண்டு காலுக்கும் நடுவே போர்வையை மடித்து வைத்துச் சேர்த்துக் கட்டி, பலகையில் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆப்ரேஷன் செய்ய நேரலாம் என்பதால் காப்பித் தண்ணீர் கொடுக்க வேண்டாம். கடையில் விற்கும் வலி மாத்திரையும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் முதல் வார்த்தையாக மூன்று விஷயம் சொல்லுங்கள்: இவர் ரத்தம் கழுவுகிறவர், ஊசி போடுகிற கை இது, அந்தக் கையில் பிரஷர் பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ கூடாது, கடைசியாகக் கழுவிய நாள் எது, அடுத்த நாள் எது. மருந்துப் பையையும் டயாலிசிஸ் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். சொக்சோ சந்தா கட்டியவராக இருந்தால் டயாலிசிஸ் செலவுக்கு உதவி கிடைக்கத் தகுதி உண்டா என்பதைக் கிளைச் செயலாளரிடம் கேட்டு வையுங்கள். அந்தப் பாரத்தை ஆள் நடமாடும்போதே நிரப்புவது சுலபம்.