குதிரைச் சவாரியும் ஒரு சிகிச்சையா?



மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைக் குதிரையில் ஏற்றினால் நடந்துவிடுமாமே என்று நம் ஜமாஅத்தார் சிலர் கேட்கிறார்கள். அதற்கான விளக்கம் இது.

குதிரை மெதுவாக நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசைகிறது. நாம் நடக்கையில் நம் இடுப்பு அசைவதும் ஏறக்குறைய அப்படித்தான். நடக்க முடியாத பிள்ளையின் உடலுக்கு அந்த அசைவு பழகுகிறது. விழாமல் நிமிர்ந்து உட்கார முயல்வதால் முதுகும் இடுப்பும் பலப்படுகின்றன. ஒருவர் குதிரையைப் பிடிக்க, இருபுறமும் ஆள் நடக்க, தலைக்கவசத்துடன் பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் செய்யும் பயிற்சி இது.

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் என்ற பெண்மணிக்கு 1944-இல் போலியோ தாக்கி, முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது. குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் உதவி வேண்டும். ஆனாலும் 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக் குதிரையேற்றத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். கால்கள் குணமாகவில்லை; ஆற்றல்தான் வளர்ந்தது.

ஆகவே இது பிசியோதெரபிக்குத் துணை, மாற்று அல்ல. அடங்காத வலிப்பு, இடுப்பு மூட்டு விலகல் உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்தாகலாம். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்குக் கழுத்தெலும்பைப் பரிசோதிப்பது அவசியம். மாப்பிள்ளை ஊர்வலக் குதிரையில் ஏற்றிப் பார்ப்பது சிகிச்சை ஆகாது.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். குதிரை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிள்ளையைக் காட்டி, பிசியோதெரபியை இப்போதே தொடங்குங்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று வீட்டுக்குள் வைத்திருக்காதீர்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க நமது டிரஸ்ட் அலுவலகம் உதவும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.
செயலாளர்