கத்லீன் ஃபெரியர்: இசைநாடக மேடையும் தனியிசை அரங்கும்

ஐரோப்பியச் செவ்விசையில் வாய்ப்பாட்டுக் கலைஞர் ஒருவர் புகழெய்துதற்குரிய அரங்குகள் பலவெனினும், அவற்றுள் தலையாயவை இரண்டு. ஒன்று ஒப்பெரா என்னும் இசைநாடகம். மற்றது தனியிசை அரங்கு. இசைநாடகத்திற் பாடுவோர் பாத்திரமேற்று, வேடம் புனைந்து, பெரியதொரு வாத்தியக் குழுவின் ஒலியையும் மேவி, ஒலிபெருக்கியின் துணையின்றிப் பேரவை முழுவதும் கேட்கப் பாடுதல் வேண்டும். தனியிசை அரங்கில் வேடமுமில்லை, திரையுமில்லை. பியானோ வாசிப்பவர் ஒருவரே துணை. இரண்டு மூன்று நிமிடங்களில் முடிந்துவிடும் சிறு பாடல் ஒவ்வொன்றிலும் ஒரு முழு மனநிலையைக் குரலினாலும் முகத்தினாலுமே புலப்படுத்தி, அது முடிந்தவுடன் அதனைக் களைந்து அடுத்ததனுட் புகுதல் வேண்டும். கருநாடக இசையிற் போல மனோதர்மத்திற்கு ஈண்டு இடமில்லை. இயற்றியவர் எழுதிய சுரங்களையே பாட வேண்டுமாதலின், கலைஞரின் தனித்தன்மை யாவும் சொல்லை ஒலிக்கும் முறையிலும், மூச்சை நிறுத்தும் இடத்திலும், குரலின் நிறத்திலுமே வெளிப்படும்.

இசைநாடகத்திற் பெயர்பெற்ற பின்னர்த் தனியிசை அரங்கிற்கு வருதலே பலரது வழக்கம். இங்கிலாந்திற் பிறந்த கத்லீன் ஃபெரியர் அம்மையாரின் வாழ்க்கை இவ்வழக்கிற்கு மாறானது. பத்தாண்டுகள் நிலைத்த அவரது பெரும்புகழ்க் காலத்தில், இசைநாடக மேடையில் அவர் ஏற்ற பாத்திரங்கள் இரண்டே. அவ்விரண்டும் அவர் பெயரோடு பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்து விட்டன. ஏன் இரண்டே என்பதும், அவ்விரண்டும் ஏன் இத்துணைச் சிறப்புற்றன என்பதும் ஆராயத்தக்கன.

அம்மையார் 1912ஆம் ஆண்டு ஏப்ரில் 22ஆந் திகதி லங்காஷயர்ப் பகுதியிலுள்ள ஹயர் வோல்ற்றன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் கிராமப் பள்ளித் தலைமையாசிரியர். பின்னர்க் குடும்பம் பிளக்பேண் நகரிற் குடியேறியது. பதினான்காம் வயதிற் பள்ளியை விட்டு அந்நகரின் தொலைபேசி நிலையத்திற் பயிலுநராகச் சேர்ந்தார். இசைக்கல்லூரி எதனிலும் அவர் பயின்றவரல்லர். ஆயினும் இளமை தொட்டே பியானோவில் நல்ல பயிற்சி பெற்றிருந்தார். 1928இல் நாடளாவிய போட்டியொன்றிற் பரிசாக ஒரு பியானோவையே வென்றார். பிறர் பாடும்போது பக்கத்திலிருந்து வாசிப்பதும் அவர்க்குப் பழக்கமாயிற்று. இப்பயிற்சியைச் சிறிதென எண்ணுதல் தவறு. தனியிசை அரங்கிற் பாடுவோர் பலர் பியானோவைத் தம் குரலுக்குக் கீழ் விரித்த பாயாகவே கருதுவர். ஃபெரியரோ அதன் விரல்வழியை உள்ளிருந்து அறிந்தவர். பிற்காலத்தில் அவர் பாட்டிற் கேட்போர் கண்ட ஒத்திசைவுக்கு வித்து இதுவே எனலாம்.

தொலைபேசி வழியே நேரத்தை அறிவிக்கும் குரலுக்குரியவரைத் தேர்ந்தெடுக்க அந்நாட்களில் ஊழியரிடையே ஒரு போட்டி நடைபெற்றது. ஃபெரியரும் அதிற் கலந்துகொண்டார்; தெரிவுபெற்றாரல்லர். உலகம் வியக்கவிருந்த குரலை நேரஞ் சொல்லுதற்குந் தகாதென ஒதுக்கிய நடுவர்களின் நிலை இரங்கத்தக்கதே.

1935இல் வங்கி அலுவலர் ஒருவரை அவர் மணந்தார். மணமான பெண்கள் அச்சேவையில் நீடிக்கலாகாதென்பது அக்கால விதியாதலின் வேலையையும் இழந்தார். 1937இல் கார்லைல் நகரில் நடந்த இசைவிழாவிற் பியானோப் போட்டிக்குப் பெயர் கொடுத்தபொழுது, பாட்டுப் போட்டியிலுஞ் சேரத் துணிவுண்டோ எனக் கணவர் ஒரு ஷில்லிங் பந்தயங் கட்டினார். இரண்டு போட்டிகளிலும் முதலிடம் ஃபெரியருக்கே கிடைத்தது.  முறையான குரற்பயிற்சி அதன் பின்னரே, 1939இல், ஹச்சின்சன் என்னும் ஆசிரியரிடந் தொடங்கியது.

இரண்டாம் உலகப்போர் அவருக்கு அரங்கு அமைத்துக் கொடுத்தது. போர்க்காலத்தில் மக்களுக்கு இசையுங் கலையும் கிட்டச் செய்தற்பொருட்டு அரசின் ஆதரவுடன் நிறுவப்பட்ட அவை, தொழிற்சாலைகளிலும் சிற்றூர் மண்டபங்களிலும் அரங்குகளை நடத்திற்று. அவற்றிற் பாடித் திரிந்த ஃபெரியர் 1942ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனிற் குடியேறி, றோய் ஹென்டர்சன் என்னும் பாடகரிடம் மாணவியானார். தொண்டையின் பின்புறம் ஓர் ஆப்பிள் பழந் தடையின்றிச் செல்லத்தக்க அளவு அகன்றிருந்ததே இம்மாணவியின் குரல்வளத்திற்குக் காரணமென அவ்வாசிரியர் விளக்கினார். 1943 மே மாதம் வெஸ்ற்மினிஸ்ரர் மடாலயத்தில் ஹண்டலின் 'மெசையா' அரங்கேறியபோது ஃபெரியர் பாடினார். நடிப்பின்றி இசையால் மட்டுங் கதை கூறும் 'ஒரற்றோரியோ' வகையைச் சேர்ந்தது அந்நூல். இங்கிலாந்தில் அவ்வகைக்கு மதிப்பு மிகுதி. ஃபெரியரின் வருவாயிற் பெரும் பகுதி இதனாலேயே வந்தது. அன்று உடன் பாடியவர் பீற்றர் பியர்ஸ். கேட்டிருந்தோருள் ஒருவர் இளம் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிறிற்றன்.

இனி, பாத்திரங்கள் இரண்டேயானமைக்குக் காரணம் யாது? முதற் காரணம் குரலின் இயல்பு. பெண்குரல்களுள் மிகத் தாழ்ந்த ஸ்தாயியில் இயங்குவதைக் கொன்றால்ற்றோ என்பர். ஃபெரியருடையது அவ்வகை, அதிலும் ஆழ்ந்து இருண்ட நிறமுடையது. இசைநாடகங்களை இயற்றியோர் காதலிக்கும் கன்னியையும் துயருறும் அரசியையும் உயர்ந்த சொப்பிறானோக் குரலுக்கே பெரும்பாலும் வழங்கினர். தாழ்ந்த குரலுக்கு எஞ்சியவை செவிலி, சூனியக்காரி, முதிய தாய், ஆண்வேடம் என்பனவே. இரண்டாவது காரணம், நடிப்பில் அவருக்கிருந்த தயக்கம். நாடகப் பயிற்சி இல்லாதவராதலின், கைகளை எங்கே வைப்பதென்பதே தொடக்கத்தில் அவருக்குப் பெருங் கவலையாயிருந்தது.

இந்நிலையிற் பிறிற்றன் 'லுக்ரீசியாவின் கற்பழிவு' என்னும் தம் புதிய இசைநாடகத்தின் தலைமைப் பாத்திரத்தை இக்குரலைக் கருத்திற்கொண்டு அமைத்தார். பாடுவோர் எண்மர், வாத்தியக் குழுவுஞ் சிறிது. போர் முடிந்த வறுமையில் அத்தகைய சிற்றமைப்பே நடைமுறைக்கு ஏற்றதாயிருந்தது. அரசகுமாரனால் மானமழிக்கப்பட்டுத் தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் உரோமாபுரி மனைவியின் கதை அது. 1946 யூலை 12இல் கிளைன்ட்போர்ன் அரங்கில் முதன்முறை மேடையேறியது. ஆரவாரமான அசைவுகளை வேண்டாத பாத்திரமாதலின், ஃபெரியரின் அசைவின்மையே லுக்ரீசியாவின் மாண்பாகத் தோன்றிற்று. குறையொன்று பாத்திரத்திற்குப் பொருந்தியமையாற் குணமாயிற்று. அக்குழு ஒல்லாந்து சென்றபோது அந்நாட்டவர் இவர்மீது கொண்ட அன்பு இறுதிவரை குன்றவில்லை.

அடுத்த ஆண்டு அதே அரங்கில் குளுக்கின் 'ஒர்பேயோ'வைப் பாடினார். இறந்த மனைவியை மீட்க மறுமை உலகு புகுந்த கிரேக்கப் பாடகன் ஒர்பியசின் கதை இது. ஆண் பாத்திரத்தைப் பெண் பாடுதல் விந்தையெனத் தோன்றலாம். 1762இல் வியன்னாவில் இந்நாடகம் முதலில் அரங்கேறியபோது, இளமையிலேயே அறுவை செய்யப்பட்டுக் குரல் உடையாது காக்கப்பட்ட ஆடவர் ஒருவர் அதனைப் பாடினார். அக்கொடிய வழக்கம் மறைந்தபின் அப்பகுதிக்கு உரியார் இலராயினர். 1859இல் பேர்லியோஸ் பாரிசிற் பவுலின் வியாடோ என்னும் அம்மையாரின் தாழ்ந்த குரலுக்கு அதனைத் திருத்தியமைத்தார். அதுமுதல் கொன்றால்ற்றோப் பாடகியரின் உரிமையாயிற்று. ஒர்பியசின் தொழிலே பாடுதல். தன் பாட்டாற் காலனுலகின் காவலரையும் இளகச் செய்தவன் அவன். எனவே ஏனைய இசைநாடகப் பாத்திரங்களினும் தனியிசைக் கலைஞர்க்கு அணுக்கமானது இது. ஃபெரியர் இதனை விடாது பற்றியதன் காரணம் இதனால் விளங்கும்.

அவ்வாண்டு செப்ரெம்பரில் எடின்பரோவின் முதற் கலைவிழா நடைபெற்றது. நாற்சியரின் கொடுமையால் ஐரோப்பாவை விட்டு அமெரிக்கா சென்றிருந்த புரூனோ வால்ற்றர், வியன்னா வாத்தியக் குழுவினருடன் மீண்டும் இணைந்தது அவ்விழாவிலேயாம். மாலரின் அணுக்க மாணவரான அவர், ஆசிரியர் மறைந்தபின் 1911இல் மியூனிக் நகரில் முதன்முறை அரங்கேற்றிய 'புவியின் பாட்டு' என்னும் படைப்பைப் பாடுதற்கு ஃபெரியரைத் தெரிந்தெடுத்தார். சீனக் கவிதைகளின் ஜெர்மன் ஆக்கங்களாலாய அப்படைப்பின் ஈற்றுப் பாட்டு ஏறத்தாழ அரைமணி நேரம் நீளும் பிரியாவிடை. ஒரே சொல்லை மீண்டும் மீண்டும் தேய்ந்த குரலிற் கூறி அது அடங்கும். அவ்விடத்தில் ஃபெரியர் கண்ணீர் பெருகிப் பாட முடியாதவரானார். பின்னர் வால்ற்றரிடம் மன்னிப்புங் கேட்டார். அவர் அதனைக் குறையாகக் கொள்ளவில்லை. 1948 ஜனவரியில் அதே படைப்பைப் பாடுதற்கு நியூயோர்க்கிற்கும் அழைத்தார்.

பாட்டிற் கரைந்து போகும் இவ்வியல்பு நன்மையோ தீமையோ என்பதில் இசையறிஞர் ஒருமனப்பட்டிலர். பாடுவோர் அழுதாற் கேட்போர் அழமாட்டார் என்பாருமுளர். ஃபெரியரின் குரல் எப்பொழுதும் துயரச் சாயலே கொண்டது, எல்லாப் பாட்டையும் வழிபாட்டுப் பாட்டாக்கிவிடுவது என்ற குற்றச்சாட்டும் முற்றும் பொய்யன்று. ஆயினும் அதற்கு விடை தனியிசை அரங்கிலேயே கிடைக்கும். சூமன் 1840இல் இயற்றிய 'மாதரின் காதலும் வாழ்வும்' எட்டுப் பாடல்களாலாயது. முதற் காட்சி, மணம், மகப்பேறு, கணவன் இறப்பு என ஒரு வாழ்வு முழுவதும் அவ்வெட்டில் அடங்கும். ஈற்றுப் பாட்டு முடிந்ததும் பாடுபவர் வாய் மூடி நிற்க, பியானோ மட்டும் முதற் பாட்டின் இசையை மீண்டும் ஒலிக்கும். ஒன்றுஞ் செய்யாது நிற்கும் அவ்வேளையிலேயே கலைஞரின் ஆற்றல் வெளிப்படல் வேண்டும். 1949 எடின்பரோ விழாவில் வால்ற்றரே பியானோவில் அமர ஃபெரியர் இதனைப் பாடிய ஒலிப்பதிவு இன்றுங் கிடைக்கின்றது. மகவைப் பெற்ற தாயின் பாட்டிற் பொங்கும் களிப்பைக் கேட்டோர் அவரைத் துயரக் குரலுடையார் என்று மட்டுங் கூறார். இளமையில் விரல்வழி அறிந்த பியானோவுக்கு, ஈற்றில் தம் குரலை ஒப்புவித்து நிற்கும் அமைதியும் அதிற் புலனாகும்.

இஃதன்றித் தம் ஊர்ப்புற நாட்டுப் பாடல்களையும் அவர் அரங்கின் ஈற்றிற் பாடுவார். தென்றலை அழைக்கும் நாட்டுப் பாடலொன்றை 1949இல் எவ்வகை வாத்தியமுமின்றி இசைத்தட்டிற் பாடினார். ஒப்பெராவை ஒருநாளுங் கேளாத வீடுகளிலும் அத்தட்டு ஒலித்தது.

1951 மார்ச்சில் அவரது மார்பிற் புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஏப்ரிலில் அறுவை நிகழ்ந்தது. யூலையில் ஒல்லாந்து சென்று ஒர்பேயோவை மீண்டும் பாடினார். 1952 மேயில் வியன்னாவில் வால்ற்றருடன் 'புவியின் பாட்டு' இசைத்தட்டிற் பதியப்பட்டது. நோயோடு பாடியவர் என்ற இரக்கத்தால் அத்தட்டைப் புகழ வேண்டுவதில்லை. குரலின் வலிமை அதிற் குன்றவேயில்லை.

1953 பெப்ருவரியில் கொவென்ற் கார்டன் அரங்கில் ஜோன் பார்பிறோலியின் நெறிப்படுத்தலில் 'ஒர்பியஸ்' ஆங்கிலத்திற் பாடப்பட்டது. திட்டமிட்டவை நான்கு காட்சிகள். மூன்றாந் திகதி நடந்த முதற் காட்சி பெருவெற்றி. கைகளை எங்கே வைப்பதென அறியாது தயங்கியவர் மேடையைத் தமதாக்கிக்கொண்டமையை யாவரும் வியந்தனர். ஆறாந் திகதி இரண்டாம் காட்சியின் நடுவில், நோயால் உளுத்திருந்த அவரது இடத்தொடை எலும்பு முறிந்தது. அசைய முடியாத நிலையிலும் அவர் ஊன்றி நின்று பாடினார். உடன் நடித்தோர் நிலைமையை உணர்ந்து அவரைச் சூழ்ந்து தம் அசைவுகளை மாற்றிக்கொண்டனர். அவையோரிற் பெரும்பாலார் யாதும் அறியாராய் இறுதியில் நெடுநேரங் கைதட்டினர். லுக்ரீசியாவாக நின்றபோது இயல்பாயிருந்த அசைவின்மை, அன்று வேறொரு காரணத்தால் அவருக்கு வாய்த்தது.

மேடையினின்று மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஃபெரியர் மீண்டும் அவையிற் பாடவில்லை. எஞ்சிய இரண்டு காட்சிகளும் கைவிடப்பட்டன. அவ்வாண்டு ஒக்டோபர் 8ஆந் திகதி, நாற்பத்தோராம் வயதில், அவர் இறந்தார். அவர் பெயரால் நிறுவப்பட்ட பரிசு இளம் பாடகர்க்கு வழங்கப்பட்டு வருகின்றது. ஒர்பேயோவில் 1947இற் பதிந்த சில பகுதிகளும் 1951இல் ஒல்லாந்திற் பாடியதும் இசைத்தட்டுக்களிற் கேட்கக் கிடைக்கின்றன. கொவென்ற் கார்டனின் அவ்விரண்டு இரவுகளும் அவற்றுள் இல்லை.