தாக்க மதிப்பீட்டாளருக்கு வேண்டிய பயிற்சி

அணை, அனல்மின் நிலையம், துறைமுகம், சுரங்கம் முதலிய பெருந்திட்டங்களைத் தொடங்கும் முன், அவற்றால் நிலம், நீர், காற்று, மக்கள் வாழ்வு ஆகியவற்றுக்கு என்ன நேரும் என்பதை ஆராய்ந்து அறிக்கையாக அளிப்பதே சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு ஆகும். 1970இல் அமெரிக்கச் சட்டம் ஒன்றால் உருப்பெற்ற இந்நடைமுறை, இந்தியாவில் 1994இல் கட்டாயமாக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டு அறிவிக்கையால் புதுவடிவம் பெற்றது. எனினும், சட்டம் வந்த வேகத்தில் அதைச் செயல்படுத்தத் தெரிந்த வல்லுநர்கள் உருவாகவில்லை. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திட்டமிடப்பட்ட ஒரு பாக்சைட் சுரங்கத்தின் அறிக்கையில், ரஷ்யச் சுரங்கமொன்றின் அறிக்கைப் பகுதிகள் அப்படியே இடம்பெற்றிருந்ததால், கொங்கண மண்ணில் இல்லவே இல்லாத ஸ்ப்ரூஸ், பிர்ச் மரக்காடுகள் அதில் தழைத்திருந்தன!

இத்தகைய அவலங்களைத் தவிர்க்க, அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனங்கள் இந்தியத் தர கவுன்சிலின் அங்கமான ‘நாபெட்’ வாரியத்திடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி வந்தது. காற்று மாசு, நிலத்தடி நீர், பல்லுயிரியம், சமூகப் பொருளாதாரம் உள்ளிட்ட 12 துறைகளுக்குத் தனித்தனி வல்லுநர்களும், அவர்களது முடிவுகளை ஒன்றிணைக்கும் ஒருங்கிணைப்பாளரும் தகுதி காட்டியாக வேண்டும்.

இத்தகுதிக்கான பயிற்சிகளில் கற்பிக்கப்படும் கருவிகளுள் பழமையான ஒன்று, 1971இல் அமெரிக்க நிலவியல் அளவாய்வுத் துறை வெளியிட்ட லியோபோல்டு அட்டவணை. திட்டத்தின் 100 செயல்களை ஒருபுறமும் சூழலின் 88 கூறுகளை மறுபுறமும் நிறுத்தினால் 8,800 கட்டங்கள் கிடைக்கும். பொருந்தும் கட்டத்தில் குறுக்குக்கோடு இட்டு, மேலே பாதிப்பின் அளவையும் கீழே அதன் முக்கியத்துவத்தையும் ஒன்று முதல் பத்து வரையிலான எண்களால் குறிப்பர். முன்னது பெரும்பாலும் அளந்தறியக்கூடியது. பின்னதோ மதிப்பிடுபவரின் தீர்ப்பு. அட்டவணையை நிரப்பக் கற்றவர் எல்லாம் அத்தீர்ப்பை வழங்கத் தகுதி பெற்றவர் ஆகிவிடமாட்டார்.

அடிப்படைநிலை ஆய்வு, அதாவது திட்டம் வருமுன் சூழல் எப்படி உள்ளது என்பதைப் பதிவு செய்வது, வழக்கமாகத் திட்ட இடத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் ஆரத்துக்குள், மழைக்காலம் நீங்கலான ஒரு பருவத்தில் நடத்தப்படுகிறது. மழையில் மட்டும் ஓடும் ஓடை கோடையில் வெறும் மணற்பரப்பாகத் தெரியும். வலசை வரும் பறவைகளோ அப்போது இரா. ஒரு பருவத் தரவு எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதப் பழக்குவது, மாதிரி சேகரிக்கும் முறைகளைக் கற்பிப்பதைக் காட்டிலும் முக்கியம்.

மாசு கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்புடன் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டமும் ஒரு பாடக்களமே. வருவாய்த்துறைப் பதிவேட்டில் புறம்போக்கு என்று மட்டும் காணப்படும் கடற்கரை, மீனவர்கள் படகு ஏற்றி, வலை உலர்த்தி, கருவாடு காயவைக்கும் இடமாக இருக்கலாம். அதை உரைப்பவரின் சொல்லை வெறும் எதிர்ப்பாகக் கருதி ஒதுக்காமல் ஆய்வுத் தரவாக ஏற்பதற்குப் பொறியியல் கல்வி பழக்குவதில்லை. அந்தக் குறையை நிரப்ப வேண்டியது தொழிற்பயிற்சிதான்.

பயிற்சியால் மட்டும் தீராத சிக்கலும் உண்டு. ஆலோசகருக்கு ஊதியம் தருபவர் திட்ட உரிமையாளரே ஆதலால், மாற்று இடங்கள், மாற்றுத் தொழில்நுட்பங்கள் பற்றிய பகுதி அறிக்கையில் இருந்தாக வேண்டும் என்று 2006 அறிவிக்கை வலியுறுத்தியும், நிலம் முடிவான பிறகே ஆலோசகர் அழைக்கப்படும்போது அப்பகுதி ஏற்கெனவே எடுத்த முடிவுக்குக் காரணம் கற்பிக்கும் சில பக்கங்களாகச் சுருங்கிவிடுகிறது.