வெயிலால் கெடும் தோலும் ஆறாத தடிப்பும்

நம் நாட்டு மக்களில் பெரும்பாலோரின் தோலில் மெலனின் என்னும் கருநிறமி மிகுதியாக உள்ளது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்களை அது பெரிதும் தடுப்பதால், வெயிலினால் உண்டாகும் தோல் புற்றுநோய் இங்கு குறைவே. ஆயினும் இப்பாதுகாப்பு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பிறவியிலேயே நிறமி குன்றிய அல்பினிசம் உடையோர் இதற்கு விலக்காவர். இந்நிலை பெற்றோர் வழி வருவது, தொற்றுநோயன்று. இடையில் தோன்றும் வெண்புள்ளியும் இதுவும் வெவ்வேறு.

புற ஊதாக் கதிர்கள் தோலின் உயிரணுக்களிலுள்ள மரபுப் பொருளாகிய டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன. உயிரணு இச்சிதைவைப் பெரும்பாலும் தானே செப்பனிட்டுக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் வெயில் படும்பொழுது, செப்பனிடப்படாத சிதைவுகள் சேர்ந்து, சில அணுக்கள் ஒழுங்கின்றிப் பெருகுகின்றன. அதன் விளைவாக நெற்றி, கன்னம், காதுமடல், கீழுதடு, புறங்கை ஆகிய இடங்களில் உப்புத்தாளைப் போன்று சொரசொரப்பான சிறு தடிப்புகள் தோன்றுகின்றன. இவை கண்ணுக்குப் புலப்படுவதைவிட விரலுக்கே நன்கு தட்டுப்படும். செதில் உதிர்ந்தாலும் மீண்டும் வளரும். பெரும்பாலும் வலி இராது. ஆகவே பலர் பொருட்படுத்துவதில்லை.

இத்தடிப்புகள் யாவும் புற்றாக மாறுவதில்லை. சில தாமே மறைவதும் உண்டு. ஆனால் எது மாறும் என்று வெறும் பார்வையால் முன்கூட்டிச் சொல்ல இயலாது. சிகிச்சையைத் தள்ளிப்போடலாகாது என்பதற்கு இதுவே காரணம். தொடக்கத்தில், மைனஸ் 196 டிகிரி சென்டிகிரேட் அளவு குளிர்ந்த திரவ நைட்ரஜனால் உறையச் செய்தோ, மருத்துவர் தரும் ஃபுளோரோயுராசில் களிம்பைப் பூசியோ தடிப்பை நீக்கலாம். புற்றாக மாறிவிட்டாலோ, அது கழுத்திலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும் பரவக்கூடும். அப்பொழுது பெரிய அறுவையும் கதிர்வீச்சும் தேவைப்படலாம். உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

அல்பினிசம் உடைய மாணவருக்குப் பெரும்பாலும் பார்வையும் குன்றியிருக்கும், கண் கூசும். ஆசிரியர்கள் அவர்களை வெயில் படாத முன்வரிசையில் அமர்த்துக. வழிபாட்டுக் கூட்டத்திலும் விளையாட்டிலும் நிழலிலேயே இருக்கச் செய்க. அகன்ற விளிம்புள்ள தொப்பியையும் முழுக்கைச் சட்டையையும் அனுமதிக்க வேண்டும்.

களப் பணியாளர்கள், வயலிலும் சாலையிலும் உழைக்கும் அல்பினிசம் உடையோரின் முகம், காது, உதடு, கைகளைச் செல்லுந்தோறும் பார்வையிடுதல் நலம். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை வெயிலைத் தவிர்க்குமாறு அவர்களுக்குக் கூறுக. சொரசொரப்பான தடிப்பு எதுவாயினும் தோல் மருத்துவரிடம் காட்டச் செய்க. தடிப்பு கடினமானாலோ, விரைந்து வளர்ந்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, புண் நான்கு வாரங்களுக்கு மேல் ஆறாதிருந்தாலோ சிறிதும் தாமதியாது மருத்துவமனைக்கு அனுப்புக. சுண்ணாம்பு முதலியவற்றை இட்டுச் சுடுதல் கூடாது. அதனால் மேற்புறம் ஆறியதுபோல் தோன்றினும், அடியில் நோய் வளரக்கூடும்.