முட்டை டார்ட்டின் பாட்டிமார்கள்

மேலே கருகிய புள்ளிகளோடு வரும் ‘போர்த்துகீஸ் எக் டார்ட்’டை நம்மில் பலர் பேரங்காடியிலோ கோப்பிக்கடையிலோ சாப்பிட்டிருப்போம். அது நம் பக்கம் வந்தது மக்காவ் வழியாக. 1989இல் ஆண்ட்ரூ ஸ்டோவ் என்ற ஆங்கிலேயர் அங்கே கடை திறந்து, அதைத் தன் கைப்பக்குவத்தில் செய்து விற்றார். அதன் மூலமான ‘பாஸ்டெல் டி நாட்டா’வைத் தேடி லிஸ்பனுக்கே போனேன். பெலெம் பகுதியில் 1837இல் தொடங்கிய கடை இன்றும் இருக்கிறது. சுடச்சுடத் தட்டில் வைத்து, பட்டைத்தூளும் சர்க்கரைத்தூளும் தனித்தனிப் பொட்டலமாகத் தருகிறார்கள். கடித்தால் மேலோடு அப்பளம்போல நொறுங்குகிறது.

பக்கத்திலேயே ஜெரோனிமோஸ் துறவு மடம். பக்குவம் அந்த மடத்திலிருந்து வந்தது என்கிறது கடையின் வரலாறு. மடத்துக்கும் மாவுக்கும் என்ன சம்பந்தம்?

போர்த்துகல்லின் பழைய இனிப்புகளில் பலவும் மடங்களில் பிறந்தவை. அங்கி உடைகளுக்குக் கஞ்சி போடவும் ஒயினைத் தெளியவைக்கவும் வெள்ளைக்கரு போனது, மிஞ்சிய மஞ்சள் கரு இனிப்பானது என்று சொல்வார்கள். எனக்கு இது கொஞ்சம் வசதியான கதையாகத்தான் படுகிறது. கன்னிமடங்களில் வசதியான குடும்பத்துப் பெண்கள் நிறைய இருந்தார்கள். மதேய்ராவிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் சர்க்கரை வந்துகொண்டிருந்தது. காசும் சர்க்கரையும் நேரமும் இருந்த சமையலறை அது.

1834இல் அரசு மடங்களைக் கலைத்தது. ஆண்கள் மடங்கள் உடனே மூடப்பட்டன. கன்னிமடங்களுக்கு வேறு கதி. புதிதாக யாரையும் சேர்க்கக்கூடாது. கடைசிக் கன்னியாஸ்திரி இறந்தால் கதவு சாத்தப்படும். வருமானம் போன மடங்கள் இனிப்பு விற்றுக் காலம் தள்ளின. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாற்காலி காலியாகும் அந்தக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். பாகு எப்போது இறக்க வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் மட்டும் மிஞ்சியிருப்பார். அவரிடமிருந்து வேலைக்காரப் பெண்களும் அங்கே வளர்ந்த சிறுமிகளும் கற்றுக்கொண்டு வெளியே கொண்டுவந்ததுதான் இன்று கடைகளில் இருப்பது.

எழுதி வைத்தால் போதாதா? போதாது. எல்லாம் பதத்தில் இருக்கிறது. ‘பொன்ட்டு டி ஃபியு’ என்கிறார்கள். அப்படியே நம் கம்பிப் பதம்! அடுத்தது முத்துப் பதம். இன்னொன்று சாலைப் பதம்: கரண்டியால் அடியில் கோடு இழுத்தால், சாலைபோல வழி தெரிய வேண்டும். அதிரசத்துக்குப் பாகை விரலிடுக்கில் வைத்துப் பார்க்கும் நம் அம்மாமார்கள் அந்த அடுப்படியில் நின்றால், மொழி தெரியாமலே வேலை பார்த்துவிடுவார்கள்.

அவெய்ரு ஊரில் ‘ஓவுஷ் மோலெஷ்’ என்றொன்று. மஞ்சள் கருவும் பாகும்தான்; அதை மீன், சிப்பி, பீப்பாய் வடிவ மெல்லிய ஓட்டில் அடைக்கிறார்கள். பூசையில் தரும் நற்கருணை அப்பத்தின் அதே மாவு அந்த ஓடு. மற்ற இனிப்புகளின் பெயர்களைக் கேட்டால் சிரிப்பு வரும்: ‘கன்னியாஸ்திரியின் தொப்பை’, ‘வானகத்துப் பன்றிக்கொழுப்பு’. அந்தக் கூடத்தில் சிரிப்பும் இருந்திருக்கிறது.

கொதிக்கும் பாகில் மஞ்சள் கருவை நூலாக ஊற்றிச் செய்யும் ‘ஃபியுஷ் டி ஓவுஷ்’ கடல் கடந்து தாய்லாந்தில் ‘ஃபோய் தோங்’ ஆனது. கிளந்தானில் கிடைக்கும் ‘ஜாலா மாஸ்’ அதே குடும்பம். மலாக்காவின் போர்த்துகீசிய வம்சாவளியினர் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் சுகி கேக்கில் ரவையோடு சேர்வது அதே ஏராளமான மஞ்சள் கரு.

அடுத்த விடுமுறைக்குக் கோத்தா பாரு போனால் சந்தையில் ஜாலா மாஸ் கேளுங்கள். தித்திப்பு தாடையைக் கட்டும். பக்கத்தில் ஒரு ‘கோப்பி ஓ கோசோங்’ இருக்கட்டும்.