பைனலைஸ் பண்ணாத டிஸ்க்குகள்

டிவிடி பிளேயர் எல்லாருக்கும் தெரியும். டிவிடி ரெக்கார்டர் என்று தனியாக ஒரு பெட்டி இருந்தது பலருக்குத் தெரியாது. பார்க்க பிளேயர் மாதிரியேதான் இருக்கும். பின்பக்கம் திருப்பினால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு சாக்கெட்டுகள் இரண்டு வரிசை இருக்கும். ஒன்று அவுட், இன்னொன்று இன். அந்த 'இன்' தான் விஷயம். விசிஆரையோ கேமராவையோ கேபிள் டிவி பெட்டியையோ அதில் சொருகி ரெக்கார்ட் பட்டனை அமுக்கினால், வருகிற படம் நேராக டிஸ்கில் ஏறும். கணினி வேண்டாம், சாஃப்ட்வேர் வேண்டாம்.

1999 டிசம்பரில் ஜப்பானில் பயனியர் கம்பெனி டிவிஆர்-1000 என்ற மாடலை விட்டது. விலை இரண்டரை லட்சம் யென். அதற்கு டிவிடி-ஆர்டபிள்யூ டிஸ்க். அடுத்த வருடம் பானசோனிக் வந்தது, அதற்கு டிவிடி-ராம். 2001-ல் பிலிப்ஸ் வந்தது, அதற்கு டிவிடி பிளஸ் ஆர்டபிள்யூ. மூன்று பேருக்கும் மூன்று விதமான டிஸ்க். மைனஸா பிளஸ்ஸா என்று கடையில் நின்று குழம்பியவர்களுக்கு இந்தச் சண்டையின் மிச்சம் ஞாபகம் இருக்கும். பிறகு எல்லாவற்றையும் எழுதும் பெட்டிகள் வந்தன, விலையும் இறங்கியது. ஆனாலும் இந்தியாவில் இது பெரிதாக ஓடவில்லை. என் கணிப்பு: வெளிநாட்டில் இதை வாங்கியவர்கள் முக்கியமாக டிவி நிகழ்ச்சியைப் பதிவு செய்து பிறகு பார்ப்பதற்காக வாங்கினார்கள். இங்கே இரவு போட்ட சீரியலை மறுநாள் அவர்களே திரும்பப் போடுவார்கள். படம் வேண்டுமென்றால் டிஸ்க் வாடகைக்குக் கிடைக்கும். அப்புறம் எதற்கு ரெக்கார்டர்? 2008-ல் டாடா ஸ்கை பிளஸ் மாதிரி ஹார்ட் டிஸ்க் வைத்த பெட்டிகள் வந்ததும் இருந்த கொஞ்சம் காரணமும் போயிற்று.

கடியப்பட்டணத்துக்கு இது கடை வழியாக வரவில்லை, கல்ஃப் பெட்டி வழியாக வந்தது. முட்டத்துக்குப் பக்கத்தில், வள்ளியாறு கடலில் சேருகிற இடத்தில் இருக்கிற ஊர். மீன்பிடிக்கவும் வேறு வேலைக்கும் இங்கிருந்து பஹ்ரைன், சவுதி, துபாய் என்று போனவர்கள் இல்லாத தெரு கிடையாது. முதலில் டூ-இன்-ஒன் வந்தது, பிறகு விசிஆர் வந்தது, அதன் கடைசி வாரிசாக இந்த ரெக்கார்டர். எங்க ஊர்ல நான் பார்த்த மூன்றும் லீவுக்கு வந்தவர்கள் கொண்டு வந்தவை. மூன்றுமே டிவி நிகழ்ச்சி பதிவு செய்யப் பயன்பட்டதில்லை. வேலை ஒன்றே ஒன்றுதான்: வீட்டில் கிடக்கிற விஎச்எஸ் காசெட்டை டிஸ்க் ஆக்குவது. கல்யாணம், ஞானஸ்நானம், திருவிழாத் தேர்ப்பவனி, துக்க வீடு. கடலோரக் காற்றில் காசெட் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். அதை ஒருமுறை ஓட்டினாலே விசிஆரின் ஹெட் அடைத்துக்கொள்ளும். அதனால் 'சீக்கிரம் டிஸ்க்ல ஏத்திரணும்' என்ற அவசரம் எல்லார் வீட்டிலும் இருந்தது.

இதில் சவுதிக்காரர்களுக்கு மட்டும் ஒரு தனிக் கஷ்டம். நம்ம ஊர் டிவி பால் முறை. துபாய், பஹ்ரைன், குவைத், ஓமன், கத்தார் எல்லாம் அதே முறைதான். சவுதி அப்போது செகாம் முறையில் இருந்தது. அங்கே டிவியிலிருந்து பதிவு செய்த காசெட்டை பால் மட்டும் தெரிந்த விசிஆரில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும். காசெட் பழசாகி நிறம் போய்விட்டது என்று நினைத்துத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. நிறம் நாடாவிலேயே இருந்தது. அதைப் படிக்கத் தெரிந்த மல்டி சிஸ்டம் விசிஆர்தான் இல்லை.

இனி பெட்டிக்குள் என்ன நடந்தது என்று பார்க்கலாம். ஒரு டிஸ்கில் 4.7 ஜிபி. பிட் கணக்கில் 3,760 கோடி. இதை எத்தனை மணி நேரத்துக்குப் பங்கு வைக்கிறோம் என்பதுதான் எக்ஸ்பி, எஸ்பி, எல்பி, ஈபி என்கிற பட்டன்கள். எக்ஸ்பி என்றால் 1 மணி நேரம், நொடிக்கு ஏறக்குறைய 10 மெகாபிட். எஸ்பி 2 மணி, 5 மெகாபிட் சொச்சம். எல்பி 4 மணி, 2.6. ஈபி 6 மணி, 1.7. ஒரு டிஸ்கில் மூன்று காசெட் அடங்குமே என்று பலர் ஈபி போட்டார்கள். விஎச்எஸ் படமே சுமார்தானே, இது போதாதா என்று கேட்கலாம். பாதி சரி. விஎச்எஸ்ஸின் அகலவாட்டு நுணுக்கம் 240 கோடு அளவுதான், எல்பியின் 352 புள்ளி அகலம் அதற்குப் போதும். போதாதது பிட்.

டிவிடி பயன்படுத்தும் எம்பெக்-2 முறை ஒவ்வொரு படத்தையும் முழுசாக எழுதாது. ஒன்றை முழுசாக எழுதிவிட்டு, அடுத்த பத்துப் பன்னிரண்டு படங்களுக்கு 'முன்னதிலிருந்து என்ன மாறியது' என்பதை மட்டும் எழுதும். பலிபீடத்துக்கு முன்னால் மணமக்கள் நிற்கிற காட்சியில் மாறுவது குறைவு, பிட் மிச்சமாகும். ஆனால் கடலைக் காட்டினால்? ஒவ்வொரு அலையும், ஒவ்வொரு நுரையும் புதுசு. முன்படத்திலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. பிட் பற்றாமல் படம் கட்டம் கட்டமாக உடையும். வாணவேடிக்கையும் அப்படியே. எங்க ஊர் கல்யாண வீடியோவில் எப்படியும் ஐந்து நிமிடம் கடல் உண்டு, திருவிழா வீடியோ என்றால் வாணம் கட்டாயம். ஈபியில் ஏற்றிய டிஸ்கில் முதலில் கெட்டது எங்கள் கடல்தான்.

காசெட்டிலிருந்து ஏற்றும்போது இன்னொரு வேடிக்கையும் நடக்கும். கடையில் விற்ற சினிமா காசெட்டில் மேக்ரோவிஷன் என்ற பூட்டு இருந்தது. படத்தின் கண்ணுக்குத் தெரியாத மேல்வரிகளில் சில துடிப்புகளை வைத்திருப்பார்கள். ரெக்கார்டர் அதைக் கண்டால் 'காப்பி எடுக்க முடியாது' என்று நின்றுவிடும். தேய்ந்துபோன வீட்டுக் காசெட்டிலும் அந்த மேல்வரிகள் ஆடும். அதையும் பூட்டு என்றே பெட்டி எடுத்துக்கொள்ளும். சொந்தக் கல்யாணத்தைப் பிரதி எடுக்கத் தடை!

இப்போது தலைப்புக்கு வருகிறேன். எழுதக்கூடிய டிவிடியில் (டிவிடி-ஆர் என்று வைத்துக்கொள்வோம்) ரெக்கார்டர் முதலில் உள்பக்க வளையத்தில் கொஞ்சம் இடத்தைக் காலியாக விட்டுவிட்டு, அதற்கு வெளியே படத்தை எழுத ஆரம்பிக்கும். எந்தப் பதிவு எங்கே இருக்கிறது, மெனு என்ன என்பதெல்லாம் எல்லாம் முடிந்த பிறகுதானே தெரியும். எல்லாப் பதிவும் முடிந்தபின் நாம் 'பைனலைஸ்' கொடுத்தால்தான், காலியாக விட்ட இடத்தில் அந்த அட்டவணையை எழுதி, லீட்-இன், லீட்-அவுட் என்று இரண்டு ஓரத்தையும் மூடும். வீடு கட்டி முடித்துவிட்டு வாசலுக்கு நம்பர் போடுவது மாதிரி. நம்பர் போடாதவரை தபால்காரருக்கு அந்த வீடு இல்லை. சாதாரண பிளேயர் முதலில் தேடுவது லீட்-இன். அது இல்லையென்றால் 'நோ டிஸ்க்' என்று சொல்லிவிடும்.

வில்லங்கம் என்னவென்றால், எழுதிய அதே ரெக்கார்டரில் பைனலைஸ் பண்ணாமலேயே படம் நன்றாக ஓடும். அது தனக்கென்று வைத்திருக்கும் குறிப்புப் பகுதியைப் பார்த்துப் படித்துவிடும். அதனால் வீட்டில் போட்டுப் பார்த்து 'ஏறியாச்சு, கொள்ளாம்' என்று காசெட்டைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பைனலைஸ் என்ற வார்த்தை ரிமோட்டில் பட்டனாகக்கூட இருக்காது, செட்டப் மெனுவுக்குள் மூன்றாவது படியில் ஒளிந்திருக்கும். அது என்ன என்று தெரிந்து அமுக்கியவர்களுக்கும் இன்னொரு கண்டம்: முடிய சில நிமிடம் ஆகும், நடுவில் கரண்ட் போனால் டிஸ்க் அந்தரத்தில் நிற்கும். 2008 முதல் 2012 வரை தமிழ்நாட்டில் கரண்ட் இருந்த லட்சணம் உங்களுக்கே தெரியும்.

எங்க தெருவில் ஓர் அக்கா. 1993-ல் கொட்டில்பாட்டில் கட்டிக் கொடுத்தார்கள். சில வருடம் கழித்துக் கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. கல்யாண ஆல்பம் 2004 டிசம்பர் 26-ல் வீட்டோடு போயிற்று. காசெட் மட்டும் இங்கே தம்பி வீட்டில் இருந்ததால் தப்பியது. 2007-ல் லீவுக்கு வந்த தம்பி தன் ரெக்கார்டரில் அதை டிஸ்கில் ஏற்றினார். எல்லாரும் சேர்ந்து பார்த்தார்கள். பூஞ்சை பிடித்த காசெட்டைப் போட்டுவிட்டார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் ரெக்கார்டர் உயிரை விட்டது. வேறு எந்த பிளேயரில் போட்டாலும் 'நோ டிஸ்க்'. டவுனில் ஒரு கடையில் 'இது வெறும் டிஸ்க்' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்களாம். போன வருடம் அதை என்னிடம் கொண்டு வந்து, "மக்கா, இதுல படம் உண்டா இல்லியான்னு மட்டும் பாத்துச் சொல்லு"ன்னாங்க.

அதைச் சொல்ல மெஷினே தேவையில்லை. டிஸ்கின் அடிப்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் போதும். எழுதிய பகுதி ஒரு சாயல் வேறு நிறத்தில், வளையமாகத் தெரியும். லேசர் சுட்ட சாயப்பூச்சின் நிறம் அது. அந்த டிஸ்கில் வளையம் ஏறக்குறைய ஓரம் வரை இருந்தது. "உண்டு அக்கா, நிறைய உண்டு"ன்னேன்.

கணினியில் இருக்கும் எழுதக்கூடிய டிவிடி டிரைவுக்கு, பிளேயருக்குத் தெரியாத அந்தக் குறிப்புப் பகுதியைப் படிக்கத் தெரியும். வெறும் படிக்க மட்டும் தெரிந்த டிரைவ் உதவாது. டிஸ்கைப் போட்டதும் விண்டோஸ் 'காலி டிஸ்க், எப்படிப் பயன்படுத்தப் போகிறீர்கள்' என்று கேட்கும். அங்கே ஓகே கொடுத்துவிடக் கூடாது, முக்கியமாக ஆர்டபிள்யூ டிஸ்க் என்றால். கேன்சல். பிறகு ஐசோபஸ்டர் மாதிரி ஒரு மீட்பு மென்பொருள் அட்டவணையை நம்பாமல் செக்டார் செக்டராகப் போய் வீடியோத் துண்டுகளைத் தேடி எடுக்கும். முதலில் முழு டிஸ்கையும் அப்படியே ஒரு இமேஜ் கோப்பாக எடுத்துக்கொள்வது நல்லது. தேடுவதெல்லாம் அந்தக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம், டிஸ்கைச் சும்மா சும்மா சுழற்ற வேண்டாம். ஒரு டிரைவ் படிக்காத செக்டாரை வேறு டிரைவ் படிக்கும். அக்காவின் டிஸ்குக்கு மூன்று டிரைவ் தேவைப்பட்டது. ஒரு மணி 47 நிமிடம் கிடைத்தது. கடைசியில் ஓரப்பகுதியில் இருந்த பத்து நிமிடம் உடைந்து உடைந்துதான் வருகிறது, அதற்கு மேல் முடியவில்லை.

லேப்டாப்பில் ஓட்டிக் காட்டினேன். கோயில் வாசலில் மாப்பிள்ளை இறங்குகிற இடம் வந்ததும் அக்கா கேட்டது இது: "இத்தன வருசமும் இதுக்குள்ளயா கிடந்தாரு?"

உங்கள் வீட்டிலும் 'நோ டிஸ்க்' காட்டுகிற டிஸ்க் இருந்தால் வளையம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதே கம்பெனியின் வேறொரு ரெக்கார்டர் கிடைத்தால் அதில் போட்டுப் பைனலைஸ் பண்ணலாம் என்றும் சொல்வார்கள். சில நேரம் நடக்கும். ஆனால் அது டிஸ்கின் மேல் எழுதுகிற வேலை, தோற்றால் இருப்பதும் கெடலாம். இமேஜ் எடுத்து வைத்த பிறகு மட்டும் முயலுங்கள். கிடைத்த வீடியோவை 'குவாலிட்டி கூட்டித் தருகிறேன்' என்கிற மென்பொருளில் போட்டு மறுபடி சுருக்க வேண்டாம். இருந்தபடியே ஒரு பிரதி வைத்துக்கொண்டு, வாட்ஸ்அப்பில் அனுப்பத் தனியாக ஒன்று செய்துகொள்ளுங்கள்.

தள்ளிப் போடவும் முடியாது. டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தகடு இரண்டை ஒட்டியது. நடுவில் சாயப்பூச்சும் அதற்குப் பின்னால் கண்ணாடி போல ஓர் உலோகப் படலமும். ஓரத்தில் ஒட்டு விட்டால் காற்றும் ஈரமும் உள்ளே போய் உலோகம் கறுக்கும். ஓரத்திலிருந்து கெட ஆரம்பிப்பது அதனால்தான். அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம் 2003-ல் போட்ட கையேடு டிஸ்குகளை 20 டிகிரிக்குக் கீழே, 20 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வைக்கச் சொல்கிறது. கல் உப்பே ஜாடியில் நீர்விட்டுக் கிடக்கிற ஊரில் இது நடக்கிற காரியமா? ஃபிரிட்ஜில் வைக்கவும் வேண்டாம், வெளியே எடுக்கும்போது நீர் கோர்க்கும். இருட்டான அலமாரியில், கவரில் போடாமல் பிளாஸ்டிக் பெட்டியில், நட்டுக்குத்தாக வைத்தால் போதும். மேலே பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதவும் வேண்டாம், நடுவளையத்தில் மார்க்கரால் எழுதினால் சேதமில்லை.

செத்துப்போன ரெக்கார்டரையும் பழைய இரும்புக்குப் போட அவசரப்பட வேண்டாம். பல பெட்டிகளில் போனது பவர் சப்ளையில் உப்பிப்போன கெப்பாசிட்டராகத்தான் இருக்கும், ஊர் மெக்கானிக்கே மாற்றிவிடுவார். லேசர் போயிருந்தாலும் சில மாடல்களுக்கு வேறு வேலை இருக்கிறது. 2005-06 வாக்கில் வந்த பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 போன்றவற்றில், ஆடுகிற காசெட் படத்தை வரி வரியாக நிமிர்த்தி அனுப்பும் சர்க்யூட் உள்ளே உண்டு. டிஸ்கே போடாமல், விசிஆருக்கும் கணினிக்கும் நடுவில் சும்மா சொருகி வைப்பதற்காகவே இன்றும் உலகம் முழுக்க ஆட்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். இன்னும் ஏற்றாத காசெட் மிச்சம் இருப்பவர்களுக்கு அது உதவும். விசிஆர் புதிதாக இனி கிடைக்காது. கடைசியாகச் செய்துகொண்டிருந்த ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது.